முல்லைப் பெரியாறு குறித்த ஒரு விளக்கக் கட்டுரை: மூன்று வரைவுகளின் ஆய்வு

பின்னணி

தேனி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியராகப் பணியாற்றுகிறேன். எங்கள் பள்ளியின் ஆண்டு மலருக்குப் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் ஆளுக்கொரு விளக்கக் கட்டுரை எழுத வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் முடிவாயிற்று. கட்டுரை வாசகருக்குப் பொருளை விளக்க வேண்டும். எழுதுபவரின் விருப்பு வெறுப்பு அதில் கலக்கக் கூடாது. மலரில் ஐந்து பக்கங்களுக்கு மேல் போகக் கூடாது. நான் விதித்த நிபந்தனைகள் இவ்வளவுதான்.

ஒரு மாணவர் முல்லைப் பெரியாறு அணையைத் தேர்ந்தெடுத்தார். அணை இருப்பது கேரளத்தில், அதை இயக்குவது தமிழ்நாடு; அதில் எவ்வளவு நீர் தேக்கலாம் என்பதில் இரு மாநிலங்களுக்கும் நீண்ட காலச் சிக்கல் உண்டு. அவருடைய தாத்தா நெல் விவசாயி. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்த அணையின் நீரை நம்பியிருக்கிறது என்பது இங்கே சிறுவர்களுக்கும் மனப்பாடம். தேக்கடித் தலைமதகு திறக்கும் நாளில் ஊரே வாய்க்காலைப் பார்க்கப் போகும். அவர்கள் வீட்டு முன்னறையில், சாமி படங்களுக்குப் பக்கத்தில், அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுவிக்கின் படம் மாலையோடு தொங்குகிறது. அவர் பிறந்த ஜனவரி 15ஆம் நாளில் இப்பகுதியில் பல ஊர்களில் அவர் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள். இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வரும் பதினாறு வயது மாணவர் இந்தப் பொருளைப் பற்றிச் சார்பில்லாமல் எழுத முடியுமா என்ற கேள்வி தொடக்கத்திலேயே எனக்கு இருந்தது. எனக்கும் இதே மண்தான் என்பதால், அந்தக் கேள்வி என்னையும் சேர்த்ததாகவே இருந்தது.

முதல் வரைவில் கண்டவை

இரண்டு வாரத்தில் வந்த முதல் வரைவு ஆர்வத்தோடும் நல்ல நடையோடும் எழுதப்பட்டிருந்தது. தகவல்களில் பெரும்பாலானவை சரியாகவே இருந்தன. ஆனால் இரண்டாம் முறை படித்தபோது, சார்பு கருத்துச் சொல்லும் இடங்களைவிடச் சிறு சிறு சொற்களில்தான் அதிகம் ஒளிந்திருக்கிறது என்பது தெரிந்தது. தமிழ்நாடு ‘விளக்கியது’, ‘எடுத்துக்காட்டியது’. கேரளம் ‘கூச்சலிட்டது’, ‘கிளப்பிவிட்டது’. தமிழ்நாட்டின் கோரிக்கைக்கு ‘உரிமை’ என்று பெயர். கேரளத்தின் கோரிக்கைக்குப் ‘பிடிவாதம்’ என்று பெயர். எழுதுபவரின் கருத்து என்று அடிக்கோடிட்டுக் காட்டத்தக்க வாக்கியம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் கட்டுரை முழுவதும் வழக்கறிஞரின் வாதம் போலவே ஒலித்தது.

ஒரு வாக்கியத்தை இங்கே அப்படியே தருகிறேன்: ‘1979இல் கேரளம் பொய்ப்பீதியைக் கிளப்பி, நமது அணையின் நீர்மட்டத்தை 136 அடியாகக் குறைத்துவிட்டது.’ இதில் ஆண்டும் சரி, அடிக்கணக்கும் சரி. குறைத்தது யார் என்பது தவறு. ‘நமது’ என்ற சொல் வாசகரை எழுதுபவரின் பக்கத்தில் இழுத்து உட்கார வைக்கிறது. ‘பொய்ப்பீதி’ என்பது நிரூபிக்க வேண்டிய ஒன்றை நிரூபிக்காமலேயே முடித்து வைக்கிறது. பன்னிரண்டு சொற்கள்கூட இல்லாத ஒரு வாக்கியத்தில் இத்தனை இருந்தன.

2011 டிசம்பரில் எல்லையில் நடந்த மோதல்களைப் பற்றிய பத்தியும் அவ்வாறே இருந்தது. ஏலத்தோட்டங்களிலிருந்து உயிருக்கு அஞ்சி ஓடிவந்த தமிழ்த் தொழிலாளர்களைப் பற்றி எழுதியிருந்தார், அது நடந்ததுதான். தமிழகப் பக்கத்தில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டதும் நடந்ததுதான். அதைப் பற்றி ஒரு வரி இல்லை. கேட்டபோது, ‘எங்க வீட்டுல அத யாரும் சொன்னதில்லையே ஐயா’ என்றார். அவர் எதையும் மறைக்கவில்லை. அவர் காதுக்கு வந்ததை எழுதியிருந்தார்.

தலைப்பை மாற்றுவதா, வைத்துக்கொள்வதா

சக ஆசிரியர் ஒருவர் தலைப்பையே மாற்றிவிடலாம் என்றார். மரம் வளர்ப்பு, நூலகத்தின் பயன் போன்ற பொருள்களில் நடுநிலையைக் கற்பது எளிது, மாணவருக்கும் சிக்கல் வராது என்பது அவருடைய நியாயம். நான் அதை ஏற்கவில்லை. எவரும் மறுக்காத பொருளில் சார்பில்லாமல் எழுதுவதற்கு எந்தப் பயிற்சியும் வேண்டியதில்லை. எழுதுபவருக்கு அக்கறை இருக்கிற பொருளில்தான் அந்தப் பயிற்சி பயன்படும். அக்கறை இருப்பவரே தகவலைத் தேடி அலையவும் செய்வார்.

மாணவரிடம் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொன்னேன். தமிழ்நாட்டின் பக்கம் நியாயம் இருக்கிறது என்று அவர் நம்புவதில் தவறு எதுவும் இல்லை. அதை எழுத வேண்டுமானால் கருத்துரை என்ற பெயரில் தனியே எழுதலாம், அதையும் நான் திருத்தித் தருவேன். விளக்கக் கட்டுரையைப் படித்து முடிப்பவருக்கோ, இந்தச் சிக்கல் என்ன, எப்படி வந்தது, யார் என்ன கேட்கிறார்கள், எது முடிவாகியிருக்கிறது, எது முடிவாகவில்லை என்பது தெரிய வேண்டும். அவர் எந்த முடிவுக்கு வருகிறார் என்பது அவர் பாடு.

மூன்று வண்ணங்களும் என்னுடைய ஒரு பிழையும்

ஒவ்வொரு வாக்கியத்தையும் வண்ணப் பென்சிலால் அடிக்கோடிடச் சொன்னேன். ஆவணத்தில் சரிபார்க்கக்கூடிய செய்தி பச்சை; ஒரு தரப்பு சொல்வது நீலம்; எழுதுபவரின் மதிப்பீடு சிவப்பு. ஒரே வாக்கியத்தில் இரண்டு வண்ணம் வந்தால் அதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதல் பக்கம் முடியும்போதே மாணவர் சிவப்புப் பென்சிலைச் சீவ வேண்டியதாயிற்று. ‘நான் பச்சைன்னு நெனச்சதெல்லாம் செவப்பா இருக்கு ஐயா’ என்று அவரே சொன்னது, இந்தப் பணியில் நடந்த மிக முக்கியமான நிகழ்வு என்று இப்போது கருதுகிறேன்.

பச்சை நிறத்தில் நின்றவை உறுதியானவை. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் ஆங்கிலேய அரசுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. 8,000 ஏக்கர் நிலம் 999 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய் வாடகை. 1887இல் தொடங்கிய கட்டுமானம் 1895இல் முடிந்தது. 1970இல் செய்த புதிய உடன்பாட்டின்படி வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது. மீன்பிடி உரிமை கேரளத்துக்குச் சென்றது. மின்சாரம் எடுத்துக்கொள்ளத் தமிழ்நாட்டுக்கு ஒப்புதல் கிடைத்தது. முதல் வரைவில் 1886 இருந்தது, 1970 இல்லை. பழைய வாடகை இன்றும் அப்படியே தொடர்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்கும் வாசகருக்கும், தமிழ்நாடு எதையும் விட்டுக்கொடுத்ததில்லை என்று எண்ணுபவருக்கும் அந்த ஒரு செய்தியே கண்ணைத் திறந்துவிடும்.

இந்தக் கட்டத்தில் பிழை செய்தவன் நான். அணையின் முழுக் கொள்மட்டம் 155 அடி என்று நினைவிலிருந்து சொன்னேன். மாணவர் அதைப் பச்சையில் எழுதிக்கொண்டார். பிறகு ஆங்கில ஆசிரியரின் துணையோடு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் பக்கங்களைப் படித்தபோது, 155 அடி என்பது அணையின் உச்சி என்றும், முழுக் கொள்மட்டம் 152 அடி என்றும் அவரே கண்டுபிடித்து வந்தார். ஊரில் 155, 152, 142, 136 என்ற நான்கு எண்களும் கலந்தே புழங்குகின்றன. ஆசிரியர் சொன்னார் என்பது ஆதாரம் ஆகாது என்று அன்று வகுப்பிலேயே சொல்லி, எண்ணைத் திருத்தினேன்.

பென்னிகுவிக் இங்கிலாந்தில் இருந்த தம் சொத்தை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்ற செய்திதான் மிகவும் தயங்க வைத்தது. இந்தப் பள்ளத்தாக்கில் இதைக் கேட்காமல் வளர்ந்தவர் எவரும் இல்லை. மாணவர் அதை முதல் பத்தியிலேயே வைத்திருந்தார். நாங்கள் பார்த்த ஆவணங்களில் அதற்குச் சான்று கிடைக்கவில்லை; அணை சென்னை மாகாண அரசின் செலவில் கட்டப்பட்டது என்பதே அவற்றில் இருந்தது. வரியை நீக்கிவிடலாம் என்று முதலில் எண்ணினேன். ஆனால் அந்த நம்பிக்கை இங்கே உயிரோடு இருக்கிறது என்பதும் ஓர் உண்மைதான். ஒரு வெள்ளைக்காரப் பொறியாளரின் படம் ஏன் சாமி படத்தின் பக்கத்தில் தொங்குகிறது என்பது அதைச் சொல்லாமல் விளங்காது. ‘என்று இப்பகுதி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றனர்’ என்று முடித்து, நீல வண்ணத்தில் வைத்துக்கொண்டோம்.

இரண்டாம் வரைவு: சாரம் போன நடுநிலை

செப்டம்பர் இறுதியில் வந்த இரண்டாம் வரைவில் வசைச்சொல் ஒன்றுகூட இல்லை. அதைப் படித்து எதையும் தெரிந்துகொள்ளவும் முடியவில்லை. 1979 பற்றிய வாக்கியம் இப்படி மாறியிருந்தது: ‘அணை பாதுகாப்பாக இல்லை என்று கேரளம் கூறியது, பாதுகாப்பாக இருக்கிறது என்று தமிழ்நாடு கூறியது, நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது.’ யார் குறைத்தார், ஏன் குறைத்தார் என்ற கேள்விகளுக்குச் செயப்பாட்டு வினை திரை போட்டுவிட்டது. கட்டுரை முழுவதும் ‘ஒரு தரப்பினர்’, ‘மற்றொரு தரப்பினர்’ என்று தராசுத் தட்டுப்போல் ஆடிக்கொண்டிருந்தது. நீதிமன்றம் ஆராய்ந்து தீர்த்துவிட்ட செய்திகளும், இன்னும் தீராத செய்திகளும் ஒரே எடையில் அடுக்கப்பட்டிருந்தன.

இதற்கு என் அறிவுரையே காரணம். சிவப்பை நீக்கு என்று சொன்ன நான், நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள உறவைச் சொல்லித்தரவில்லை. இரு தரப்புக்கும் சம எண்ணிக்கையில் வரிகள் ஒதுக்குவது நடுநிலை ஆகாது. ஒரு செய்தி சான்றோடு நிலைபெற்றுவிட்டால் அதை நிலைபெற்றதாகவே எழுத வேண்டும். அது ஒரு தரப்புக்குச் சாதகமாக இருக்கிறது என்பதற்காக மங்கலாக்குவதும் சார்புதான். 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, நீர்மட்டத்தை 142 அடிவரை உயர்த்தலாம் என்று தீர்ப்பளித்தது. 2006இல் முந்தைய தீர்ப்பு வந்த பிறகு கேரள சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம் செல்லாது என்றும் கூறியது. இதை ‘தமிழ்நாடு கூறுகிறது’ என்று எழுதுவது வாசகரை ஏமாற்றுவதாகும்.

குமுளியிலிருந்து ஒரு வாசகர்

இரண்டாம் வரைவோடு நான், எல்லையின் கேரளப் பக்கத்தில் உள்ள குமுளிக்குப் போனேன். அங்கே ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர் எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். மலையாளம் தாய்மொழி, தமிழும் சரளமாகப் படிப்பார். எதிர்த்தரப்பு என்று நாம் எழுதுகிற பக்கத்தில் இருப்பவர், தம் தரப்பைக் கட்டுரையில் அடையாளம் கண்டுகொள்கிறாரா என்று பார்ப்பதே நோக்கம். அவர் பென்சிலோடு உட்கார்ந்து இரண்டு மணி நேரம் படித்தார்.

அவர் முதலில் சுட்டியது நான் எதிர்பாராதது. ‘சார், கட்டுரை பென்னிகுவிக்கில் ஆரம்பிக்கிறது. அணைக்குக் கீழே குடியிருக்கிறவர்கள் நான்காம் பக்கத்தில்தான் வருகிறார்கள். அதுவும் பெயர் இல்லாமல், அச்சம் என்ற சொல்லாக வருகிறார்கள்’ என்றார். வண்டிப்பெரியாறு, உப்புதறை என்று ஊர்ப்பெயர்களைச் சொன்னார். அவற்றுக்கும் கீழே இடுக்கி நீர்த்தேக்கம் இருப்பதைச் சொன்னார். கட்டுரையில் ஒரு சொல்கூடத் தவறாக இல்லாதபோதும், எங்கே தொடங்குகிறோம், யாரை முதலில் காட்டுகிறோம் என்பதிலேயே சார்பு குடியேறிவிடுகிறது என்பதை அவர் சொல்லித்தான் நான் உணர்ந்தேன். 1895இல் தொடங்கினால் இது கொடையின் கதை. 1979இல் தொடங்கினால் இது ஆபத்தின் கதை.

அடுத்து, கட்டுரை 2014 தீர்ப்போடு முடிந்துவிடுவதைக் காட்டினார். 2021இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும், 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அணையைக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழுவில் இரு மாநிலங்களிலிருந்தும் ஒவ்வொரு தொழில்நுட்ப வல்லுநரைச் சேர்க்கச் சொன்னதும் அதில் இல்லை. நமக்குச் சாதகமான நாளில் கதையை நிறுத்திக்கொண்டோம் என்பதை மறுக்க முடியவில்லை.

பென்னிகுவிக் சொத்தை விற்ற செய்தியைப் படித்தபோது அவர் சிரித்துக்கொண்டே, தம் பக்கத்திலும் ஒரு கதை உண்டு என்றார். 1886 ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது, ‘என் இதய ரத்தத்தால் கையெழுத்திடுகிறேன்’ என்று திருவிதாங்கூர் மகாராஜா சொன்னதாகக் கேரளத்தில் சொல்கிறார்கள். இரண்டு கதைகளும் இரண்டு மக்களின் நெஞ்சில் இருப்பவை. ஒன்றை நீலத்தில் வைத்தால் மற்றதையும் நீலத்தில்தான் வைக்க வேண்டும் என்று முடிவு செய்தோம்.

ஒரு கோரிக்கையை மட்டும் நான் ஏற்கவில்லை. சுண்ணாம்பும் சுர்க்கி என்னும் செங்கல் தூளும் சேர்ந்த கலவையால் கட்டி நூறாண்டு கடந்த அணை, நிலநடுக்க வாய்ப்புள்ள பகுதியில் நிற்கிறது. ஆகவே ‘அணை ஆபத்தானது’ என்று நேரடியாக எழுத வேண்டும் என்றார். கட்டப்பட்ட முறையும் வயதும் பச்சை. ஆபத்தானது என்பது கேரளத்தின் வாதம். 1980களிலிருந்து செய்யப்பட்ட பலப்படுத்தும் பணிகளையும், நீதிமன்றம் அமைத்த உயர்மட்டக் குழுவின் அறிக்கையையும் பார்த்த பிறகே நீதிமன்றம் 142 அடிக்கு ஒப்பியது. ஆகவே அதை வாதமாகவே எழுதுவோம், ஆனால் வலுக்குறையாமல், அவர்கள் சொல்கிற காரணங்களோடு எழுதுவோம் என்று சொன்னேன். அவர் முழுமனதோடு ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். விடைபெறும்போது, ‘நீங்கள் கீழே வந்து ஒரு மழைக்கால இரவு தங்கிப் பாருங்கள்’ என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் வரைவு

மாணவர் கட்டுரையின் தொடக்கத்தை மாற்றினார். தேக்கடித் தலைமதகிலிருந்து சுரங்கத்தின் வழியே கிழக்கே வரும் நீர் கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து வைகையைச் சேர்வதையும், அணையிலிருந்து மேற்கே இறங்கும் ஆறு வண்டிப்பெரியாறு வழியாக இடுக்கிக்குப் போவதையும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து எழுதினார். அணையின் இருபுறமும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது வாதம் தொடங்கும் முன்பே வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. ‘நமது’ என்ற சொல் கட்டுரையில் எங்கும் இல்லை.

1979 வாக்கியம் வளர்ந்து ஒரு பத்தியாயிற்று: ‘1979 ஆகஸ்டில் குஜராத் மாநிலம் மோர்வி நகருக்கு மேலே இருந்த மச்சு அணை உடைந்து பெரும் உயிரிழப்பு ஏற்பட்டது. அதையடுத்து முல்லைப் பெரியாறு அணையின் பாதுகாப்பு குறித்த கவலை கேரளத்தில் வலுத்தது. நவம்பரில் மத்திய நீர்வள ஆணையத்தின் தலைவர் முன்னிலையில் இரு மாநிலப் பொறியாளர்களும் கூடினர். அணையைப் பலப்படுத்தும் பணிகள் பரிந்துரைக்கப்பட்டன. நீர்மட்டத்தை 136 அடியில் நிறுத்த முடிவாயிற்று. பணிகள் முடிந்துவிட்டதால் மட்டத்தை உயர்த்தலாம் என்று தமிழ்நாடு பின்னர் கோரியது. கேரளம் ஏற்காததால் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது.’ நீளம் கூடியது உண்மை. ஆனால் பொய்ப்பீதி என்று எழுதிய அதே கை, மோர்வியைத் தேடிப் போய் அறிந்து எழுதியிருந்தது. அச்சத்துக்கு ஒரு காரணம் இருந்தது என்பதும், தமிழ்நாடு உடன்பட்டுத்தான் மட்டத்தைக் குறைத்தது என்பதும் சேர்ந்தே விளங்குகின்றன.

புதிய அணை கட்ட வேண்டும் என்ற கேரளத்தின் நிலைப்பாட்டை, ‘தமிழ்நாட்டுக்குத் தண்ணீர், கேரளத்துக்குப் பாதுகாப்பு’ என்ற அவர்களுடைய முழக்கத்தைக் கொண்டே எழுதினார். இருக்கிற அணையே உறுதியாக உள்ளது, புதிய அணை குத்தகை உரிமையைக் கேள்விக்குள்ளாக்கும் என்ற தமிழ்நாட்டின் கவலையும் அதே அளவு தெளிவாக வந்தது. 2011 நிகழ்வுகளில் இருபுறத்துப் பாதிப்பும் இடம்பெற்றது. இறுதியில், இது எந்த மாதம் வரை உள்ள செய்திகளைக் கொண்டு எழுதப்பட்டது என்ற குறிப்பையும் சேர்த்தார்.

அச்சேறிய பின்

மலர் வெளிவந்த வாரத்தில் விவசாயி ஒருவர் தலைமையாசிரியரைப் பார்த்து, நம் பள்ளிப் பிள்ளை அவர்களுக்கும் சேர்த்து எழுதியிருப்பது சரியா என்று வருத்தப்பட்டார். தலைமையாசிரியர் கட்டுரையில் தவறான செய்தி எது என்று காட்டச் சொன்னார். அவர் படித்துவிட்டு, தவறு இல்லை, ஆனால் சொல்லியிருக்க வேண்டியதில்லை என்றார். அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். விளைச்சலை நீருக்கு அடகு வைத்திருப்பவர் அவர். குமுளி ஆசிரியைக்கும் ஒரு படி அனுப்பினேன். அவர் மூன்று இடங்களில் சரி என்று குறியிட்டு, ஓர் இடத்தில் கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பினார். கேள்விக்குறி, நான் எதிர்பார்த்ததுபோல், அணையின் உறுதி பற்றிய பத்தியில் இருந்தது.

மாணவரின் தாத்தா கட்டுரையைச் சத்தம் போட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டாராம். பென்னிகுவிக் பற்றிய வரி வந்ததும், ‘மக்கள் சொல்றாங்கன்னு ஏன்டா போட்ட, நடந்தது தான?’ என்று கேட்டிருக்கிறார். 2014 நவம்பரில் நீர்மட்டம் மறுபடி 142 அடியைத் தொட்ட வரி வந்ததும், அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாராம்.

இனி மாற்றிக்கொள்ள வேண்டியவை

மறு தரப்பு வாசகரை இரண்டாம் வரைவுக்குப் பிறகு தேடியது தாமதம். முதல் வரைவு எழுதுவதற்கு முன்பே, மாணவரே அணையின் கீழ்ப்பக்கத்தில் இருப்பவர் ஒருவரிடம் பேசியிருந்தால், கட்டுரையின் தொடக்கம் தொடக்கத்திலேயே சரியாக அமைந்திருக்கும். நான் மட்டும் போனதும் தவறு. தலைப்பை ‘முல்லைப் பெரியாறு’ என்று கொடுத்ததற்குப் பதிலாக, ‘முல்லைப் பெரியாறு நீர்மட்டம் குறித்த சிக்கல் எப்படி வந்தது, இன்று எங்கே நிற்கிறது’ என்ற கேள்வியாகவே கொடுத்திருக்க வேண்டும். கேள்வி கையில் இருந்தால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை அதுவே சொல்லிவிடும். எண்கள் எதையும் நான் வாய்மொழியாகத் தருவதில்லை என்று அன்றிலிருந்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று, மலர் அச்சாகிப் பல மாதங்களுக்குப் பின்தான் தோன்றியது. மூன்று வரைவுகளிலும் நாங்கள் ‘இரு தரப்பு’ என்றே எண்ணிக்கொண்டிருந்தோம். அணை கட்டும்போது காய்ச்சலிலும் விபத்திலும் இறந்த தொழிலாளர்களுக்கு மூன்று வரைவிலும் ஒரே ஒரு வரிதான். தேக்கடிக் காட்டில் வாழ்ந்துவரும் மன்னான், பளியர் மக்களுக்கு அந்த ஒரு வரியும் இல்லை. அவர்களுக்காக வழக்காட எந்த மாநிலமும் இல்லை என்பதால், இரண்டு பக்கமும் சரிபார்த்த எங்கள் கண்ணில் அவர்கள் படவே இல்லை. இந்த ஆண்டு மலருக்கு எழுதும் மாணவி ஒருவர், அணை கட்டப்போய் இறந்தவர்களைப் பற்றி எழுதுவதாகக் கேட்டு வந்திருக்கிறார். முதல் வரைவைத் தொடங்கும் முன், யார் யாரிடம் பேச வேண்டும் என்ற பெயர்ப் பட்டியலை எழுதிவரச் சொல்லியிருக்கிறேன்.